மலைப்பாதையில் ஒரு நாள்: நெடுந்தூர சைக்கிள் பயணத்துக்கு முழுமையான வழிகாட்டி

சமவெளியில் சைக்கிள் ஓட்டிப் பழகியவர்கள் மலைக்குப் போகும்போது ஒரு பழக்கத்தையும் கூடவே எடுத்துச் செல்கிறார்கள். நாளைக் கிலோமீட்டரில் அளப்பதுதான் அது. "தினமும் 100 கிலோமீட்டர் ஓட்டுகிறேன், அங்கே 80 ஓட்ட முடியாதா?" என்பார்கள். ஓட்டலாம். ஆனால் அந்த 80 கிலோமீட்டருக்குள் 2000 மீட்டர் ஏற்றம் ஒளிந்திருந்தால், பொழுது சாய்ந்த பிறகும் கணவாய்க்கு இந்தப் பக்கமே நின்றுகொண்டிருப்பார்கள். மலையில் முதலில் கேட்க வேண்டியது எத்தனை மீட்டர் ஏற வேண்டும், எத்தனை மீட்டர் இறங்க வேண்டும் என்பதுதான். தூரம் அதற்குப் பிறகு. புறப்படும் நேரம், சாப்பாடு, உடை, பிரேக் எல்லாமே இந்த இரண்டு எண்களிலிருந்து வருகின்றன. பைகளைக் கட்டிய வண்டியில் கணவாய் ஒன்றைக் கடக்கும் ஒரு முழு நாளை, முந்தைய இரவிலிருந்து தொடங்கி வரிசையாகப் பார்ப்போம்.

முந்தைய இரவு: பாதையைப் படிப்பது

பாதையின் உயர வரைபடத்தைத் திறந்து வையுங்கள். பலர் பார்ப்பது தொடக்க இடத்தின் உயரத்தையும் கணவாயின் உயரத்தையும் மட்டுமே. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் 900 மீட்டர் என்றால் 900 மீட்டர்தான் ஏற வேண்டும் என்று நினைத்துவிடுகிறார்கள். நடுவில் சாலை நான்கு முறை ஓடைக்கு இறங்கி ஏறினால் அந்தக் கணக்கு பொய்த்துவிடும். பார்க்க வேண்டியது மொத்த ஏற்றம், அதாவது வழியில் ஏறும் ஒவ்வொரு மீட்டரின் கூட்டுத்தொகை. செயலிகள் தரும் இந்த எண் ஒன்றுக்கொன்று கொஞ்சம் மாறும். சுரங்கப்பாதையும் உயரமான பாலமும் வரும் இடங்களில் இல்லாத மேடுபள்ளத்தை அவை காட்டுவதும் உண்டு, ஏனென்றால் அவற்றுக்குத் தெரிந்தது நிலத்தின் உயரம்தான், சாலையின் உயரம் அல்ல.

சராசரிச் சரிவையும் நம்பாதீர்கள். ஒரு கிலோமீட்டரில் 100 மீட்டர் ஏறினால் அது 10 சதவீதச் சரிவு. "12 கிலோமீட்டர், சராசரி 5 சதவீதம்" என்ற அறிவிப்புக்குள் 3 கிலோமீட்டர் சமதரையும் 3 கிலோமீட்டர் 10 சதவீதமும் அடங்கியிருக்கலாம். ஒவ்வொரு கிலோமீட்டரையும் தனித்தனியாகப் பார்த்து, மிகக் கடினமான பகுதி எங்கே வருகிறது என்று தாளில் குறித்துக்கொள்ளுங்கள். அது தொடக்கத்தில் வந்தால் ஒரு மாதிரி நாள், உச்சிக்கு முன் கடைசி 2 கிலோமீட்டரில் வந்தால் முற்றிலும் வேறு மாதிரி நாள்.

நேரக் கணக்குக்குச் சுமை ஏற்றிய வண்டிக்கு ஒத்துவரும் எளிய முறை இது. தூரத்தை மணிக்கு 18 கிலோமீட்டர் என்று வகுத்துக்கொண்டு, ஒவ்வொரு 100 மீட்டர் ஏற்றத்துக்கும் 10 நிமிடம் கூட்டுங்கள். 70 கிலோமீட்டர், 1400 மீட்டர் ஏற்றம் என்றால் ஏறக்குறைய 3 மணி 50 நிமிடமும் 2 மணி 20 நிமிடமும் சேர்ந்து, மிதிக்கும் நேரம் மட்டும் 6 மணிக்கு மேல். சாப்பாடு, ஓய்வு, படம் எடுப்பது, பஞ்சர் ஆகியவற்றுக்கு அதில் மூன்றில் ஒரு பங்கைச் சேர்த்தால் 8 மணி நேரத்தைத் தாண்டிவிடும். சூரியன் மறையும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, அதற்கு மேல் 2 மணி நேரம் உபரியாக வைத்தால் எப்போது புறப்பட வேண்டும் என்பது தெரிந்துவிடும். கூடவே ஒரு கெடு நேரத்தையும் இரவிலேயே முடிவு செய்துகொள்ளுங்கள்: இன்ன மணிக்குள் கணவாயைத் தொடாவிட்டால் திரும்பிவிடுவது, அல்லது வழியிலுள்ள ஊரில் தங்கிவிடுவது. உச்சி கண்ணுக்குத் தெரியும் இடத்தில் களைத்து நிற்பவரால் இந்த முடிவை நிதானமாக எடுக்க முடியாது.

கியரும் சுமையும்

மலைக்கு ஏற்ற வண்டி எது என்று விவாதிப்பவர்கள் சட்டகத்தைப் பற்றிப் பேசியே பொழுதைப் போக்குவார்கள். உண்மையில் பார்க்க வேண்டியது மிகக் குறைந்த கியர்தான். வண்டி, சுமை, ஆள் எல்லாம் சேர்ந்து 100 கிலோ என்று வைத்துக்கொள்வோம். நாள் முழுக்க நீடிக்கக்கூடிய மிதமான உழைப்பு 130 வாட். 6 சதவீதச் சரிவில் இந்த உழைப்புக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 7 கிலோமீட்டர்தான். முன்னால் 34 பல், பின்னால் 28 பல் உள்ள கியரில் இந்த வேகத்தில் போனால் மிதி நிமிடத்துக்கு 46 சுற்றுதான் சுற்றும். ஒவ்வொரு மிதியும் முழங்காலில் வந்து இறங்கும். முன்னால் 26, பின்னால் 36 பல் என்றால் அதே வேகத்தில் 77 சுற்று. உழைப்பு ஒன்றுதான், வேகமும் ஒன்றுதான். மாலையில் முழங்கால் படும் பாடு மட்டும் வேறு. எனவே முன்னால் மிதியோடு இணைந்த சிறிய பல்வட்டம் பின்னால் உள்ள பெரிய பல்வட்டத்தைவிடச் சிறியதாக இருக்கட்டும்.

குறைந்த கியரை இளக்காரமாகப் பார்ப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த மனப்பான்மைக்கு நீண்ட வரலாறு உண்டு. பிரான்சின் சாந்த் எத்தியேன் நகரத்துக்காரரான பால் தெ விவீ (1853–1930) நெடுந்தூரச் சைக்கிள் பயணத்துக்குப் பல கியர்கள் வேண்டும் என்று பல்லாண்டுகள் வாதாடினார். டூர் டி பிரான்ஸ் பந்தயமோ கியர் மாற்றும் கருவியை 1937 வரை அனுமதிக்கவில்லை. பந்தயக்காரர்களின் வீம்பைச் சுற்றுலாப் பயணி சுமக்க வேண்டிய அவசியம் எதுவுமில்லை.

சுமையைப் பொறுத்தவரை எடையைவிட அது உட்காரும் இடத்தைத்தான் அதிகம் கவனிக்க வேண்டும். கனமான பொருள்கள் தாழ்வாகவும் சட்டகத்துக்கு அருகிலும் இருக்க வேண்டும். எல்லாவற்றையும் பின் கேரியரில் குவித்தால் ஏற்றத்தில் முன்சக்கரம் லேசாகித் தள்ளாடும், இறக்கத்தில் வண்டி வால் ஆட்டும். முன்பக்கத்திலும் தாழ்வாகப் பைகள் மாட்ட வசதி இருந்தால் சுமையைப் பிரித்துவிடுங்கள். இடமும் வலமும் ஏறத்தாழச் சம எடையாக இருக்கட்டும். 5 கிலோவைக் குறைத்தால் எவ்வளவு மிச்சமாகும்? மேலே சொன்ன 130 வாட் கணக்கில் 1000 மீட்டர் ஏற்றத்துக்கு ஏறக்குறைய 2 மணி 20 நிமிடம் ஆகும். அதில் மிச்சமாவது 7 நிமிடம். தேவையில்லாததை விட்டுச் செல்வது நல்லதுதான். ஆனால் அந்த 7 நிமிடத்துக்காகக் குளிர்ச் சட்டையையோ மழை உடையையோ விட்டுச் செல்பவர் உச்சியில் அதற்கு வருந்துவார்.

கருவிப் பையில் இருக்க வேண்டியவை: இரண்டு டியூப், பஞ்சர் ஒட்டும் பொருள்கள், பம்பு, ஆலன் சாவிகள், செயின் கழற்றும் கருவி, செயினை இணைக்கும் கண்ணி, ஒரு ஜோடி பிரேக் கட்டை, சரியான நீளத்தில் நான்கைந்து ஸ்போக் கம்பி, அவற்றுக்கான திருகி. பின் கியர் மாற்றி தொங்கிக்கொண்டிருக்கும் சிறிய உலோகத் துண்டு ஒன்று உண்டு. வண்டி சாய்ந்து விழுந்தால் முதலில் வளைவதும் முறிவதும் அதுதான். வண்டிக்கு வண்டி அதன் வடிவம் மாறுவதால் வழியில் கிடைக்காது, ஒன்று வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

விடியற்காலையில் புறப்பாடு

மலையில் காலை நேரம் பிற்பகலைவிட விலை உயர்ந்தது. காற்று குறைவு, வெயில் குறைவு, வாகனம் குறைவு, வானமும் பெரும்பாலும் தெளிவு. வெளிச்சம் வந்தவுடன் வண்டி நகர வேண்டும் என்றால் பைகளை இரவிலேயே கட்டி வைத்திருக்க வேண்டும். காலையில் செய்ய வேண்டியது டயரை விரலால் அழுத்திப் பார்ப்பது, இரண்டு பிரேக்கையும் இறுக்கிப் பிடித்து வண்டியை முன்னும் பின்னும் அசைப்பது, சக்கர அச்சுகளும் பைகளின் கொக்கிகளும் சரியாகப் பூட்டியிருக்கின்றனவா என்று பார்ப்பது. இரண்டு நிமிட வேலைதான்.

பள்ளத்தாக்கில் தங்கியிருந்தால் தொடக்கத்தில் குளிர் அதிகமாக இருக்கும். இரவில் கனத்த குளிர்காற்று சரிவுகளில் இறங்கி அடிவாரத்தில் தேங்குகிறது. சில நூறு மீட்டர் ஏறியதும் வெப்பம் கூடுவதை உணரலாம். அதனால் புறப்படும்போது கொஞ்சம் குளிரட்டும். கதகதப்பாக உடுத்திக்கொண்டு கிளம்பினால் இருபது நிமிடத்தில் வியர்வையில் நனைந்துவிடுவீர்கள், அந்த ஈரம் உச்சி வரை கூடவே வரும்.

ஏற்றம்

முதல் அரை மணி நேரத்தில்தான் பெரும்பாலோர் நாளைக் கெடுத்துக்கொள்கிறார்கள். காலில் புத்துணர்ச்சி இருக்கும், சரிவு எளிதாகத் தோன்றும். அந்த நேரத்தில் வேண்டுமென்றே மெதுவாகப் போங்கள். அளவுகோல் எளிது: பக்கத்தில் வருபவரிடம் ஒரு முழு வாக்கியத்தை மூச்சு வாங்காமல் பேச முடிய வேண்டும். பேச்சு துண்டு துண்டாக வந்தால் வேகம் அதிகம். மணிக் கணக்கில் நீளும் ஏற்றத்தில் தொடக்கத்தில் மிச்சம் பிடித்த மூச்சு கடைசி 300 மீட்டர் உயரத்தில் கைகொடுக்கும்.

கியரைச் சரிவு தொடங்கும் முன்பே குறையுங்கள். கால் முழு பலத்தோடு அழுத்திக்கொண்டிருக்கும்போது கியர் மாற்றினால் செயின் பல்லில் ஏறாமல் கறகறக்கும், சில நேரம் கழன்றே விடும். வளைவுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரியாதபோது அங்கே செங்குத்துதான் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு ஒரு கியர் குறைப்பது நல்ல பழக்கம். நேரம் கடந்துவிட்டால் ஒரே ஒரு மிதியை வலுவாக மிதித்து, அடுத்த அரைச் சுற்றில் காலை இலேசாக்கி, அந்த நொடியில் மாற்றுங்கள்.

கொண்டை ஊசி வளைவில் உள்வட்டம் குறுகியது என்பதால் அங்கே சரிவு மிக அதிகம். வாகனம் வராதது உறுதியாகத் தெரிந்தால் உங்கள் பக்கத்துக்குள்ளேயே எவ்வளவு வெளியே போக முடியுமோ அவ்வளவு வெளியே போய்த் திரும்புங்கள், கால் கொஞ்சம் இளைப்பாறும். பார்வை மறையும் வளைவில் இதைச் செய்யவே கூடாது.

பெரும்பாலும் உட்கார்ந்தே மிதியுங்கள். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு கியர் கூட்டி, இருபது முப்பது மிதிகளுக்கு எழுந்து நின்று ஓட்டினால் இடுப்புக்கும் உட்காரும் இடத்துக்கும் இரத்த ஓட்டம் திரும்பும். கைப்பிடியைக் கெட்டியாகப் பற்றிக்கொள்பவர்கள் தோளிலும் கழுத்திலும் வீணாகச் சக்தியைச் செலவழிக்கிறார்கள். விரல்கள் தளர்வாகவே இருக்கட்டும்.

இறங்கித் தள்ளுவது பற்றி ஒரு வார்த்தை. 10 சதவீதச் சரிவில் அதே 130 வாட்டுக்குக் கிடைக்கும் வேகம் மணிக்கு 4.4 கிலோமீட்டர். நடந்து தள்ளினாலும் ஏறக்குறைய அதே வேகம்தான். வேகம் இவ்வளவு குறையும்போது வண்டியை நேராக நிறுத்தவே கை உழைக்க வேண்டியிருக்கிறது. அப்போது இறங்கிவிடுவதுதான் புத்திசாலித்தனம். 1910இல் டூர் டி பிரான்ஸ் முதன்முறையாக 2115 மீட்டர் உயரமுள்ள தூர்மாலே கணவாயைக் கடந்தபோது பந்தய வீரர்களே வண்டியைத் தள்ளிக்கொண்டு நடந்திருக்கிறார்கள்.

செங்குத்தான இடத்தில் நின்றுவிட்டால் மீண்டும் கிளம்புவது ஒரு தனிக் கலை. நிற்கும் முன்பே மிகக் குறைந்த கியருக்கு வந்துவிடுங்கள். மறந்துவிட்டால் பின்சக்கரத்தைத் தூக்கி, மிதியைக் கையால் சுற்றி மாற்ற வேண்டும். சாலை வெறுமையாக இருக்கும்போது வண்டியைச் சரிவுக்குக் குறுக்கே திருப்புங்கள். இரண்டு பிரேக்கையும் பிடித்துக்கொண்டு, வலுவான காலின் மிதியைக் கடிகார முள் 2 மணி காட்டும் நிலைக்குக் கொண்டுவாருங்கள். பிரேக்கை விடுவதும் அந்த மிதியில் முழு எடையைப் போடுவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும். குறுக்கே இரண்டு மீட்டர் உருண்டதும் மற்ற கால் தானாக மிதியைக் கண்டுபிடித்துவிடும், பிறகு மேல்நோக்கித் திருப்பலாம்.

சாப்பாடும் தண்ணீரும்

100 கிலோவை 1000 மீட்டர் உயர்த்த 981 கிலோஜூல் வேலை செய்ய வேண்டும். உடல் தான் எரிக்கும் சக்தியில் நான்கில் ஒரு பங்கைத்தான் மிதிக்குத் தருகிறது, மீதி வெப்பமாகப் போகிறது. இந்த விகிதத்தால் ஒரு வசதியான கணக்கு கிடைக்கிறது: மிதியில் செய்த கிலோஜூல் எவ்வளவோ, உடல் எரித்த கலோரியும் ஏறக்குறைய அவ்வளவு. 1400 மீட்டர் ஏற்றத்துக்கு மட்டும் 1400 கலோரி அளவுக்குச் செலவு. சமதரையில் ஓட்டுவது இதற்கு மேல். தசையிலும் கல்லீரலிலும் சேர்ந்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2000 கலோரி. அது தீர்ந்துபோனால் கால் கனத்து, கை நடுங்கி, காரணமில்லாமல் எரிச்சல் வரும். அந்த நிலைக்குப் போன பிறகு சாப்பிட்டுத் தேற நெடுநேரம் ஆகும்.

அதனால் பசி வரும் வரை காத்திருக்காதீர்கள். ஏறத் தொடங்கி அரை மணி நேரத்திலேயே சாப்பிடத் தொடங்கி, மணிக்கு 30 முதல் 60 கிராம் மாவுச்சத்து என்ற அளவில் தொடருங்கள். நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் 25 கிராம் அளவுக்கு இருக்கும். ரொட்டி, உலர்திராட்சை, பேரீச்சை எல்லாம் நல்லவை. நடுவில் பெரிய விருந்து வேண்டாம், வயிறு நிறைய உண்டுவிட்டு ஏற்றத்தில் மிதிப்பது தண்டனை. தண்ணீர் மணிக்கு அரை லிட்டர் முதல் முக்கால் லிட்டர் வரை, வெயிலில் இன்னும் கூட. வியர்வை கொட்டும் நாளில் வெறும் தண்ணீரையே லிட்டர் கணக்கில் குடிப்பதும் ஆபத்துதான், உப்பும் உள்ளே போக வேண்டும். வரைபடத்தில் அடுத்து நீர் கிடைக்கும் இடத்தைக் குறித்து வைத்துக்கொண்டு அதற்கேற்பப் பாட்டில்களை நிரப்புங்கள். 1 லிட்டர் என்பது 1 கிலோ, தேவைக்கு மேல் சுமந்தால் அதையும் மேலே ஏற்ற வேண்டும்.

வானத்தைப் பார்ப்பது

வெயில் ஏற ஏற மலைச்சரிவுகள் சூடாகி, பள்ளத்தாக்கின் காற்றை மேல்நோக்கி இழுக்கின்றன. முற்பகலில் தொடங்கும் இந்தக் காற்று பிற்பகலில் உச்சத்தை அடைகிறது. ஏறும்போது முதுகில் தள்ளிய அதே வகைக் காற்று, மறுபக்கப் பள்ளத்தாக்கில் இறங்கும்போது முகத்தில் அறையும். இறக்கம் முடிந்த பிறகு இருக்கும் "எளிதான" 20 கிலோமீட்டர் பல நேரங்களில் நாளின் மிகச் சலிப்பான பகுதியாக அமைவது இதனால்தான்.

மேலேறும் ஈரக்காற்று பிற்பகலில் இடிமேகமாகவும் திரளும். நண்பகலுக்கு முன் கணவாயைக் கடந்துவிட வேண்டும் என்று மலைக்காரர்கள் சொல்வதற்குக் காரணம் இதுவே. அடுக்கடுக்காகக் காலிஃபிளவர் போல மேகம் உயர்வதைக் கண்டால் கெடு நேரத்தை இன்னும் சீக்கிரமாக வைத்துக்கொள்ளுங்கள். மின்னலுக்கும் இடிக்கும் நடுவே 30 நொடிக்குக் குறைவாக இருந்தால் அது 10 கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது என்று பொருள். முகட்டிலிருந்தும் தனி மரத்திலிருந்தும் விலகி இறங்குங்கள், உறுதியான கட்டடம் ஒன்றுக்குள் போக முடிந்தால் இன்னும் நல்லது. கூடாரம் மின்னலிலிருந்து காப்பாற்றாது. கடைசி இடி கேட்டு 30 நிமிடம் ஆகும் வரை மீண்டும் ஏற வேண்டாம்.

உயரம் 2500 மீட்டரைத் தாண்டினால்

3000 மீட்டரில் காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் ஏறக்குறைய 70 சதவீதம்தான். முந்தைய நாள் எளிதாக ஓட்டிய சரிவே இப்போது மூச்சு வாங்கவைக்கும். அது இயல்பு, வேகத்தைக் குறைத்தால் போதும். தலைவலியோடு குமட்டல், பசியின்மை, அசாதாரணக் களைப்பு சேர்ந்தால் அது உயர நோய். சரியாகும் வரை மேலும் ஏறக்கூடாது, மோசமானால் இறங்க வேண்டும். நேர்கோட்டில் அடிமேல் அடி வைத்து நடக்க முடியாமல் தள்ளாடினாலோ, சும்மா உட்கார்ந்திருக்கும்போதே மூச்சுத் திணறினாலோ அது உயிருக்கு ஆபத்து. அந்த நிமிடமே, இரவாக இருந்தாலும், துணையோடு இறங்குவதுதான் மருந்து. 3000 மீட்டருக்கு மேல் ஓர் இரவிலிருந்து அடுத்த இரவுக்குத் தூங்கும் உயரம் 500 மீட்டருக்கு மேல் கூடாமல் பார்த்துக்கொள்ளுங்கள், மூன்று நான்கு நாளுக்கு ஒருமுறை ஒரே உயரத்தில் இரண்டு இரவு தங்குங்கள். பகலில் உயரமான கணவாயைக் கடப்பதைவிட, இரவு எந்த உயரத்தில் படுக்கிறோம் என்பதே உடலை அதிகம் பாதிக்கிறது.

வெயிலும் இங்கே வேறு மாதிரி. ஒவ்வொரு 1000 மீட்டருக்கும் புற ஊதாக் கதிர் 10 சதவீதம் அளவுக்குக் கூடுகிறது. குளிர்காற்றில் தோல் எரிவது தெரியாது. கழுத்து, காது, முழங்கைக்குக் கீழ் மறக்காமல் வெயில் பூச்சு தடவுங்கள்.

உச்சியில்

கணவாயைத் தொட்டதும் எல்லோரும் முதலில் எடுப்பது கேமராவை. முதலில் எடுக்க வேண்டியது சட்டையை. மிதிப்பதை நிறுத்திய ஐந்து நிமிடத்தில் வியர்வையில் நனைந்த முதுகு சில்லிடத் தொடங்கும். காற்று படாத ஒரு மறைவில் நின்று, ஈரச் சட்டையைக் கழற்றி, உலர்ந்ததை அணிந்து, அதன்மேல் காற்றைத் தடுக்கும் மேல்சட்டையைப் போட்டு, முழு விரல் கையுறையை மாட்டிய பிறகு படம் எடுங்கள். 1000 மீட்டர் உயரத்துக்கு வெப்பம் சராசரியாக 6.5 டிகிரி குறைகிறது. அதோடு மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் காற்றும், உழைக்காத உடலும் சேர்ந்துகொள்ளும். விறைத்த விரலால் பிரேக்கைப் பிடிக்க முடியாது என்பதால் கையுறை வசதிப் பொருள் அல்ல, பாதுகாப்புச் சாதனம். மேல்சட்டை போதாவிட்டால் பழைய பந்தயக்காரர்களின் வித்தை இன்றும் பலிக்கும்: செய்தித்தாளை நெஞ்சுப் பக்கம் சட்டைக்குள் செருகிக்கொள்வது.

கொஞ்சம் சாப்பிடுங்கள். பிறகு பிரேக் கட்டைகளின் தடிமன், கம்பி இழுவை, பைகளின் கொக்கி, டயர் எல்லாவற்றையும் மறுபடி பாருங்கள். ஏற்றத்தில் பழுதானால் வண்டி நிற்கும், இறக்கத்தில் பழுதானால் நிற்காது.

இறக்கம்

ஏறும்போது செலவழித்த சக்தி முழுவதும் இறங்கும்போது எங்கேயாவது போயாக வேண்டும். 100 கிலோ வண்டி 8 சதவீதச் சரிவில் மணிக்கு 30 கிலோமீட்டர் வேகத்தில் சீராக இறங்கினால் வெளிப்படுவது சுமார் 650 வாட். காற்று அதில் 200 வாட்டை வாங்கிக்கொள்ளும், டயர் 60 வாட்டுக்கு மேல் வாங்காது. மீதி 400 வாட்டுக்குக் கொஞ்சம் குறைவான வெப்பம் முழுவதும் பிரேக்கில்தான் இறங்குகிறது, ஏறத்தாழ ஓர் இஸ்திரிப் பெட்டியின் பாதிச் சூடு. அரை மணி நேரம் இப்படியே வந்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள்.

இங்கே பலர் எதிர்பார்க்காத ஒன்று இருக்கிறது. மிக மெதுவாக இறங்கினால் நொடிக்கு உருவாகும் வெப்பம் குறைவு. வேகமாக இறங்கினால் காற்றே பெரும்பங்கைத் தின்றுவிடுகிறது. பிரேக்குக்கு மிக மோசமானது இரண்டுக்கும் நடுவே, ஏறக்குறைய இந்த 30 கிலோமீட்டர் வேகத்தில், பிரேக்கை விடாமல் தேய்த்துக்கொண்டே வருவதுதான். பயந்தவர்கள் இயல்பாகத் தேர்ந்தெடுப்பதும் அந்த வேகத்தையே. சரியான முறை: பார்வை தெளிவாக இருக்கும் நேர்ப்பகுதியில் பிரேக்கை முழுவதும் விட்டு, நிமிர்ந்து உட்கார்ந்து நெஞ்சால் காற்றைத் தடுங்கள். வளைவுக்கு முன் இரண்டு பிரேக்கையும் சேர்த்து வலுவாக, குறுகிய நேரம் பிடித்து வேகத்தைக் குறையுங்கள். பிறகு மீண்டும் முழுவதும் விடுங்கள். விடும் அந்த நொடிகளில்தான் பிரேக் ஆறுகிறது. நேர்ப்பகுதியே இல்லாத செங்குத்துச் சாலையில் நடைவேகத்துக்குச் சற்று மேலாக இறங்கி, அடிக்கடி நின்று ஆறவிட வேண்டும்.

சக்கர விளிம்பை அழுத்தும் ரிம் பிரேக்கில் சூடு ரிம்முக்கும், அங்கிருந்து டியூபுக்கும் போய் டயரில் அழுத்தத்தை ஏற்றும், மிஞ்சினால் டயர் கழன்று வெடிக்கும். நின்று ரிம்மில் ஒரு துளி தண்ணீர் விடுங்கள், சீறினால் உட்கார்ந்து ஓய்வெடுங்கள். சக்கர நடுவிலுள்ள வட்டை அழுத்தும் டிஸ்க் பிரேக்கில் டியூபுக்கு ஆபத்தில்லை. ஆனால் கட்டை மெருகேறிப் பிடிப்பு குறையும், எண்ணெய் பிரேக்காக இருந்தால் நெம்புகோல் பஞ்சு போல உள்ளே போகும். கருகிய வாடையோ, நெம்புகோல் முன்பைவிட உள்ளே வருவதோ தெரிந்தால் உடனே நிற்க வேண்டும். வட்டை விரலால் தொட்டுப் பார்க்காதீர்கள்.

வேகத்தைப் பற்றிக் கறாராகவே சொல்கிறேன். நிற்க ஆகும் தூரம் வேகத்தின் இருமடிப்படி ஏறும். 30இல் நிற்க ஆகும் தூரத்தைப்போல 50இல் 2.8 மடங்கு வேண்டும். அடுத்த வளைவில் கல் சரிந்து கிடந்தாலோ மாடு நின்றாலோ கண்ணுக்குத் தெரியும் தூரத்துக்குள் நிற்க முடிகிற வேகமே சரியான வேகம். அதிகபட்ச வேகத்தைப் பதிவு செய்து மற்றவர்களுக்குக் காட்டுவதற்காக இறங்குபவர்களோடு சேர்ந்து போகாதீர்கள்.

வளைவில் நுழையும் முன்பே பிரேக் வேலை முடிந்திருக்க வேண்டும். வெளிப்பக்க மிதியைக் கீழே வைத்து அதில் எடையை அழுத்துங்கள், உள்முழங்கால் சற்றே விலகட்டும், கண் வளைவின் முடிவைப் பார்க்கட்டும். பள்ளத்தைப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். வளைவின் உள்ளோரத்தில் மணலும் பொடிக்கல்லும் சேர்ந்திருக்கும், நிழல் விழும் வளைவில் ஈரமோ பனியோ இருக்கலாம். நனைந்த சாலைக்கோடும் இரும்புச் சட்டமும் வழுக்கும், அவற்றைச் செங்கோணத்தில், பிரேக் பிடிக்காமல் கடக்க வேண்டும். சுரங்கப்பாதைக்கு முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றி, முன்னும் பின்னும் விளக்கைப் போட்டுவிடுங்கள். உள்ளே போன பிறகு செய்தால் அந்தச் சில நொடிகளுக்கு நீங்களும் குருடு, பின்னால் வருபவருக்கு நீங்களும் தெரியமாட்டீர்கள்.

வேகத்தில் கைப்பிடி திடீரென்று இடமும் வலமும் அதிரத் தொடங்கினால் இறுக்கிப் பிடித்து அடக்க முயலாதீர்கள், அதிர்வு கூடும். இரு முழங்காலாலும் சட்டகத்தின் மேல்குழாயை இறுக்குங்கள், கையைத் தளர்த்துங்கள், இருக்கையிலிருந்து எடையைக் கொஞ்சம் தூக்குங்கள், பின் பிரேக்கை மெல்லப் பிடியுங்கள். அடங்கிவிடும். நின்றதும் பைகளின் கட்டைப் பாருங்கள், தளர்ந்த பையும் பின்பக்கக் கனமும் இதற்கு அடிக்கடி காரணமாக இருக்கும்.

ஸ்போக் அறுந்தால்

சுமை வண்டியில் அறுவது பெரும்பாலும் பின்சக்கரத்தில், செயின் இருக்கும் பக்கத்துக் கம்பி. "டிங்" என்று ஒரு சத்தம், பிறகு ரிம் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு பக்கம் உரசும். புதுக் கம்பி போடப் பல்வட்டத் தொகுதியைக் கழற்ற வேண்டியிருக்கலாம், அதற்கான கருவி இல்லையென்றால் வீடு போய்ச் சேரும் வழி இது. அறுந்த கம்பியை உருவிவிடுங்கள், அல்லது பக்கத்துக் கம்பியில் சுற்றிவிடுங்கள். அதன் இருபுறமும் உள்ள அண்டைக் கம்பிகள் எதிர்ப்பக்கத்திலிருந்து வருபவை, இப்போது அவை எதிர்ப்பில்லாமல் ரிம்மைத் தங்கள் பக்கம் இழுக்கின்றன. இரண்டையும் அரைச் சுற்று தளர்த்திச் சக்கரத்தைச் சுழற்றி, பிரேக் கட்டைக்கும் ரிம்முக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். போதாவிட்டால் இன்னும் கால் சுற்று. ரிம் உரசாமல் ஓடினால் போதும், முற்றிலும் நேராக ஓட வேண்டியதில்லை. பின்பையின் கனத்தில் கொஞ்சத்தை முன்னால் மாற்றி, குழிகளில் எழுந்து நின்று ஓட்டுங்கள்.

மாலை

வெளிச்சம் இருக்கும்போதே தங்குமிடத்தை அடைந்துவிட்டால் மீதி எளிது. வந்ததும் உடை மாற்றுங்கள். ஒரு மணி நேரத்துக்குள் மாவுச்சத்தும் புரதமும் சேர்ந்த உணவு உள்ளே போனால் மறுநாள் கால் நன்றி சொல்லும். கைகழுவும் முன் பத்து நிமிடம் வண்டிக்கு: செயினைத் துடைத்து ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு துளி எண்ணெய், மிச்ச எண்ணெயை மறுபடி துடைப்பது, டயரில் புதைந்த கண்ணாடித் துகளை நோண்டி எடுப்பது, கேரியர் திருகுகளை ஒருமுறை முறுக்கிப் பார்ப்பது. எண்ணெய்க் கை பிரேக் வட்டிலோ ரிம்மிலோ படக்கூடாது. விளக்கையும் கைப்பேசியையும் சார்ஜில் போடுங்கள்.

பிறகு மறுநாளின் உயர வரைபடம். இன்று 1400 மீட்டர் ஏறியிருந்தால் நாளை 800க்கு மேல் வைக்காதீர்கள், குறைந்தபட்சம் முதல் வாரத்திலாவது. காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பு வழக்கத்தைவிடத் தெளிவாக அதிகமாக இருந்து, மாடிப்படி ஏறும்போது தொடை கனத்து, காலை உணவும் வேண்டாம் என்று தோன்றினால் பைகளை அவிழ்த்துவிட்டு அன்று அங்கேயே தங்கிவிடுங்கள்.